அப்பாவின் நாற்காலியில் நான் உட்காரவில்லை

என் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தவன் நான். அது முழு உண்மை இல்லை என்று தெரிந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் பேச்சு புரியாமல் போனதற்குப் பெரும் காரணம் நான் ஆசையாக வாங்கி வைத்த ஸ்பீக்கர்கள். அதை ஒப்புக்கொண்டால் கொட்டிய பணத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகும். ‘பாட்டு செட் வாங்கணும்னா அவனக் கேளு’ என்று தெருவில் எனக்கு இருந்த பேரும் போய்விடும். அந்தப் பயத்தில் பழியை அப்பாவின் காது மேல் போட்டேன். அதை எடுத்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அப்பா நல்லாம்பட்டியில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் ராவிச் செய்யும் வேலை. உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் சாவியின் பல்லோடு சரியாகப் பொருந்த வேண்டும். அப்பா சாவியை மெதுவாகத் திருப்பிக் காதோரம் வைத்துக் கேட்பார். எந்த லீவர் இடிக்கிறது, எதை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதைத்தான் நான் குறை சொன்னேன்.

அவரிடம் பழைய ரேடியோ ஒன்று இருந்தது. ஒரே ஒரு காகிதக் கூம்பு ஸ்பீக்கர், மரப்பெட்டி. கொடைக்கானல் மலையிலிருந்து 100.5இல் ஒலிபரப்பாகும் கோடை பண்பலைதான் அவருடைய காலைப் பொழுது. கீழே சமவெளி முழுக்கத் தெளிவாக எடுக்கிற நிலையம் அது. வீட்டில் மற்றவர்கள் தூக்கம் கெடாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்து, செய்தியையும் பாட்டையும் சொல் விடாமல் கேட்பார். கேட்டதை எங்களிடம் திருப்பிச் சொல்லவும் செய்வார். அந்தத் தகர டப்பா எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். அது மரப்பெட்டி என்பதைக்கூடக் கவனித்துச் சொல்லும் மரியாதை எனக்கு அப்போது இல்லை.

எனக்குச் சத்தத்தின் ருசி பழகியது தனியார் பஸ்களில். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் போகும் பஸ்களில் சீட்டுக்கு அடியிலிருந்து பாட்டு இடிக்கும். நெஞ்சுக்குள் அதிர்ந்தால்தான் பாட்டு என்று வளர்ந்துவிட்டேன். கையில் காசு சேர்ந்ததும் மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். இடுப்பளவு உயரத்தில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் இரண்டு டவர் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் 8 அங்குல வூஃபர் இரண்டு, மேலே சின்ன ட்வீட்டர் ஒன்று. கூடவே தனியாக ஒரு சப்வூஃபர். கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார், தரை அதிர்ந்தது. நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் கடையில் நான் செய்யாதவை எல்லாம் இப்போது வரிசையாக நினைவுக்கு வருகின்றன. எனக்கு மனப்பாடமான ஒரு டி.எம். சௌந்தரராஜன் பாட்டைப் போடச் சொல்லவில்லை. வெறும் பேச்சுக்குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவில்லை. மெதுவாக வைத்துக் கேட்கவில்லை. பக்கவாட்டில் நின்று கேட்கவில்லை. பெட்டி மேல் ஒட்டியிருந்த ஆயிரக்கணக்கான வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்ற ஸ்டிக்கரை மட்டும் படித்தேன். அது கண நேர உச்சத்தைக் கணக்குப் போட்டு ஊதிக் காட்டும் எண். ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவு அதில் சிறு பங்குதான் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கினேன், வருகிறவர்கள் பார்த்து அசர வேண்டும் என்பதற்காக.

அதே கடையில் ஒரு ஓரத்தில் சின்ன ஜோடி ஒன்று இருந்தது. “பேச்சு, பழைய பாட்டு கேக்குறதா இருந்தா இது நல்லா இருக்கும் சார்” என்று கடைப்பையன் சொன்னான். ஒரு நிமிடம் போட்டும் காட்டினான். சத்தம் குறைவாக இருந்தது, நான் உதட்டைப் பிதுக்கினேன். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பையனின் பேச்சை நான் காதில் வாங்கவே இல்லை.

எங்கள் ஹால் 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, திரை கிடையாது. இடம் போதாமல் இரண்டு டவர்களையும் இரண்டு மூலைகளில் ஒட்டி நிறுத்தினேன். நடுவில் சோபா, அதில் நான். அப்பாவின் வயர் நாற்காலி வாசல் கதவோரம். அங்கே காற்று வரும், தெருவில் போகிறவர்களைப் பார்க்கலாம். ஸ்பீக்கர்களுக்கு அது நேர் பக்கவாட்டு.

ஒரு பொங்கலுக்கு டிவியில் திண்டுக்கல் லியோனியின் பட்டிமன்றம். எங்கள் ஊர்க்காரர் பேச்சு என்றால் அப்பாவுக்கு உயிர், பழைய கேசட்டிலேயே விழுந்து விழுந்து சிரித்தவர். அன்றைக்கு வீடே சிரித்தது. அப்பா மட்டும் டிவியைப் பார்த்தார், பிறகு என் மகள் முகத்தைப் பார்த்தார், அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு வந்த சிரிப்பு அது. நான் கவனித்தேன். கவனித்தும் கேட்டேன், “என்னப்பா, கேக்கலையா?”

“சத்தம் நல்லா கேக்குதுப்பா. சொல்லுதான் வர மாட்டேங்குது.”

அந்த ஒரு வரியில் முழு விஷயத்தையும் அவர் சொல்லிவிட்டார். ஒலிப் பொறியாளர் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பட்டறையில அம்புட்டு வருசம் தட்டுனீங்கள்ல, காது மந்தமாயிருச்சு. டாக்டர்ட்ட காட்டுவோம்.” சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விட்டார்.

சத்தத்தைக் கூட்டியது இன்னும் பெரிய தப்பு. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடி மறைக்கும் குணம் உடையது. சத்தம் ஏற ஏற அந்த மறைப்பும் அதிகமாகும். நான் கூட்டக் கூட்ட, அவருக்கு வேண்டிய சொற்கள் இன்னும் ஆழத்துக்குப் போயின.

அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனது அக்கறையால் என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் நான் சொன்னதை நிரூபிக்கத்தான் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, 250 ஹெர்ட்ஸ் தொடங்கி 8000 வரை ஒவ்வொரு அளவாகச் சோதித்தார்கள். கடைசியில் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் அந்தக் குறிகள் மேலே, சரியாகக் கேட்கும் எல்லைக்குள் வரிசையாக இருந்தன. 4000க்கு வந்ததும் இரண்டும் சட்டென்று கீழே இறங்கி, 8000இல் கொஞ்சம் மேலேறின. பல வருடம் இரும்புச் சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காதில் விழும் பள்ளம் அது. “பேச்சு கேக்குற அளவுல காது நல்லாத்தான் இருக்கு. இரைச்சலான இடத்துல மட்டும் கொஞ்சம் சிரமம் இருக்கும்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது: “காதுல குறை இருக்குதாம்.” அவ்வளவுதான் சொன்னேன். முதல் பாதியை விழுங்கிவிட்டேன். தாளை நாலாக மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். அன்றிலிருந்து யார் வந்தாலும், “அப்பாவுக்குச் சத்தமா பேசுங்க” என்று முன்கூட்டியே சொல்வேன். அவர்களும் கத்திப் பேசினார்கள். கத்திப் பேசுகிறவர்களிடம் யாரும் அதிக நேரம் உட்கார்ந்து பேசுவதில்லை. அப்பாவும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஸ்பீக்கரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தது அறியாமை என்றால், அந்தத் தாளை மடித்து வைத்தது பாவம்.

மிட்ரேஞ்ச் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000, 4000 வரை உள்ள நடுப்பகுதி, மனிதக் குரலின் வீடு அது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். அதை வைத்தே உலகம் நூறு வருடம் குறைகளைப் பேசியது, கல்யாணங்களை முடித்தது. உயிரெழுத்துகள் குரலுக்குக் கனம் தருகின்றன. சொல்லைச் சொல்லாக்குவது மெய்யெழுத்து, அதன் அடையாளங்கள் பெரும்பாலும் 1000க்கு மேலே இருக்கின்றன. பழம் என்றாரா, பலம் என்றாரா, பள்ளம் என்றாரா என்று பிரித்துச் சொல்வது 2000 ஹெர்ட்ஸை ஒட்டி நடக்கும் சின்னச் சின்ன அசைவுகள். 2000 முதல் 5000 வரைதான் மனிதக் காதும் மிகக் கூர்மை. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டிய வளைகோடுகள் இதைத்தான் சொல்கின்றன. ஸ்பீக்கர் அந்த இடத்தில் தடுமாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். 4000இல் பள்ளம் விழுந்த காதுக்கு, அதற்குக் கீழே உள்ள பகுதி துல்லியமாகக் கிடைத்தே ஆக வேண்டும். காது கொஞ்சம் குறைந்தவருக்குத்தான் மிட்ரேஞ்ச் நன்றாக உள்ள ஸ்பீக்கர் அதிகம் தேவை. நான் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் சமவெளியில் இதற்குச் சாட்சி மரத்துக்கு மரம் கட்டியிருந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ரேடியோவைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கூம்புக்குக் கீழ்ச்சத்தம் வராது, உச்சியும் வராது, நடுப்பகுதி மட்டும் வரும். ஆனாலும் வேடசந்தூர்ப் பக்கத்துக் காட்டில் களை எடுக்கிறவர்களுக்கு அடுத்த ஊர்ப் பாட்டின் வரி புரியும். பிறகு இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் வந்தன, கூம்புக் குழாய்களுக்கும் தடை வந்தது. அந்தக் குழாய்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல் எங்கே இருக்கிறது என்பதற்கு அது ஒரு பாடம், அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் படிக்கவில்லை.

என் கண்ணைத் திறந்தவர் வடமதுரைப் பக்கம் மைக் செட் வைத்திருக்கும் ஒருவர். மகளின் சடங்குக்குப் பந்தலில் செட் போட வந்தவர், பணம் வாங்க ஹாலுக்குள் வந்தார். காலியாக இருந்தது அப்பாவின் நாற்காலி, அதில் உட்கார்ந்தார். நான் பெருமையாக ஒரு பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அண்ணே, இந்த எடத்துல உக்காந்து கேட்டுப் பாத்திருக்கீங்களா?” என்றார்.

நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். மேளம் இருந்தது, அதிர்வு இருந்தது, பாடகர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுவது போல இருந்தது. எனக்குத் தெரியாத புதுப்பாட்டைப் போட்டு வரிகளைப் பிடிக்க முயன்றேன், பாதி பிடிபடவில்லை. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

காரணத்தை அவர் தன் பாஷையில் சொன்னார், பிறகு நான் படித்தும் தெரிந்துகொண்டேன். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். 8 அங்குல வூஃபரின் அகலம் சுமார் 20 சென்டிமீட்டர். ஒலியின் அலைநீளத்தைவிட அகலமான கூம்பு அந்த ஒலியைப் பெரும்பாலும் நேராகவே பாய்ச்சும், பக்கவாட்டில் அதிகம் பரப்பாது. நேரே உட்கார்ந்த எனக்குக் குரல் கிடைத்தது. ஓரத்தில் இருந்தவருக்கு வெறும் உறுமல் கிடைத்தது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் கீழ்ச்சத்தம் வீங்கும், மூலையில் தள்ளினால் இன்னும் வீங்கும். போதாததற்கு, 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி தேங்கி நின்று முழங்கும். எங்கள் ஹாலில் அகலமும் 10, உயரமும் 10. ஒரே முழக்கம் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்துகொண்டது. அதன் மேல் நான் ஒரு சப்வூஃபரையும் வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் உலகத்தில் குரலுக்காகவே ஸ்பீக்கர் செய்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். 1970களின் நடுவில் பி.பி.சி.யின் பொறியாளர்கள் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு பெட்டி செய்தார்கள். உயரம் ஒரு அடி, 5 அங்குலக் கூம்பு ஒன்று, ட்வீட்டர் ஒன்று. இடி முழக்கம் அதில் வராது. ஆனால் அறிவிப்பாளர் வேனுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பி.பி.சி.யில் ஸ்பீக்கர்களைச் சோதித்த முறை என்னை வெட்கப்பட வைத்தது. பழகிய ஒருவரை ஸ்டுடியோவில் பேச வைப்பார்கள். அவர் குரலை நேரில் கேட்பார்கள், உடனே அடுத்த அறைக்குப் போய் அதே குரலை ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஆள் மாறாமல் வந்தால்தான் ஸ்பீக்கர் தேறும். பழகிய குரல் ஒன்று, அதைக் கேட்கும் பொறுமை, இவை போதும். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் பஞ்சம் இருந்ததில்லை.

நான் செய்த திருத்தங்களில் முதலில் செய்தவற்றுக்குக் காசே ஆகவில்லை. சப்வூஃபரை நிறுத்தினேன். ஈக்வலைசரில் இரண்டு ஓரங்களையும் தூக்கி நடுவைப் பள்ளமாக்கி வைத்திருந்தேன், அதைச் சமமாக்கினேன். டவர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். தரையில் கோரைப்பாய் விரித்தேன், எதிர்ச் சுவரில் கனமான துணித்திரை தொங்கவிட்டேன். அதிலேயே பாதி தெளிந்தது. பிறகு டவர்களைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றுவிட்டு, 5 அங்குல வூஃபர் உள்ள சின்ன ஜோடி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டு அடித்து, சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஒன்றைக் கதவோரம் பார்க்கத் திருப்பினேன்.

கடையில் இந்த முறை செய்த சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சமையலறையில் பேசுவதையும் அப்பா செய்தித்தாள் வாசிப்பதையும் போனில் பதிந்து எடுத்துப் போனேன். அந்தக் குரல்களை எனக்கு யாரும் ஏமாற்றிக் காட்ட முடியாது. ஒரு ஆண்குரல், ஒரு பெண்குரல், பின்னணி அதிகமில்லாத பழைய பாட்டு ஒன்று. எல்லா ஸ்பீக்கர்களையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொன்னேன். பிறகு பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கெடுக்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். நல்ல மிட்ரேஞ்ச் உள்ள ஸ்பீக்கரில் அந்த நிலையிலும் சொல் நிற்கும். பாடகர் மூச்சு எடுப்பது, வல்லினம் உதட்டில் வெடிப்பது, ழகரம் மடங்குவது எல்லாம் தனித்தனியாக நிற்கும். ‘ச’ வரும்போதெல்லாம் காதில் குத்தினால் அது தெளிவு இல்லை, ட்வீட்டர் கூச்சல். குரல் மூக்கடைத்த மாதிரியோ பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரியோ இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் நேரே ஒருமுறை, ஓரத்தில் நின்று ஒருமுறை கேட்டேன்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். புது ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவரும் இப்போது பட்டிமன்றத்தில் எங்களுக்கு முன்னால் சிரிக்கிறார், அதுவே போதாதா என்று மனசு சமாதானம் சொன்னது. போதாது. காதில் குறை என்ற தீர்ப்பு இன்னும் அவர் மேல்தான் இருந்தது. கடைசியில் பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். மேலே இருக்கும் குறிகளைக் காட்டினேன், டாக்டர் சொன்ன முழு வார்த்தையையும் சொன்னேன், நான் மறைத்ததையும் சொன்னேன்.

அவர் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி. நானும் நமக்குத்தான் போயிருச்சோன்னு, யாராவது பேசுனா தலைய ஆட்டிட்டு ஒதுங்கிட்டேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். புரிந்த பேச்சையும் புரியவில்லையோ என்று அவரையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். யாரிடமெல்லாம் சத்தமாகப் பேசச் சொன்னேனோ அவர்களைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அதே டவர்களை வாங்கிய ஒட்டன்சத்திரத்துச் சித்தப்பா மகனிடம் நேரில் போய்ச் சொல்லி, அவன் வீட்டிலும் பெட்டிகளை மூலையிலிருந்து இழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்குக் காது கொஞ்சம் குறைவோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். வாட்ஸும் உயரமும் பளபளப்பும் பிறகு இருக்கட்டும். பாட்டின் ஒரு வரியைப் போட்டு நிறுத்தி, என்ன சொன்னார்கள் என்று அவரைக் கேளுங்கள். எந்த ஸ்பீக்கரில் அவர் தயங்காமல் அந்த வரியைத் திருப்பிச் சொல்கிறாரோ, அதற்குப் பணம் கொடுங்கள்.